கடைப் பலகையும் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸும் ஒரே அக்ரிலிக்தானா?

தெற்குமாசி வீதியில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். கடை முகப்புக்கு அக்ரிலிக் எழுத்துப் பலகை வைக்கப்போகிறார். இரண்டு பேரிடம் விலை கேட்டதில் ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதில் ஏறத்தாழப் பாதி. ஏன் இந்த வித்தியாசம், யாரை நம்புவது? அடுத்த வாரம் அவருடைய அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை. உள்ளே வைக்கிற லென்ஸும் அக்ரிலிக் என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். வெயிலில் மாட்டுகிற பிளாஸ்டிக்கை அம்மாவின் கண்ணுக்குள் வைக்கலாமா, எத்தனை வருடம் தாங்கும் என்று கவலைப்படுகிறார்.

நான் வேதியியல் படித்தவன். இருபத்தைந்து வருடங்களாக மதுரையில் அக்ரிலிக் வெட்டி ஒட்டும் பட்டறை நடத்துகிறேன். என் அம்மாவின் இரண்டு கண்களிலும் இந்த லென்ஸ்தான் இருக்கிறது. எனவே இரண்டுக்கும் பதில் சொல்ல முடியும். கண்ணிலிருந்து தொடங்குகிறேன், பலகை ஒரு வாரம் காத்திருக்கும்.

ஆம், பலகையும் கெட்டி லென்ஸும் ஒரே பொருள்தான்; மடக்கு லென்ஸ் அதன் நெருங்கிய உறவு, அதைப் பிறகு சொல்கிறேன். முழுப்பெயர் பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட், சுருக்கமாக பி.எம்.எம்.ஏ. மெத்தில் மெத்தாக்ரிலேட் என்பது தண்ணீர்போல் ஓடும் திரவம், மூக்கைத் துளைக்கும் நெடி உடையது. அதன் மூலக்கூறுகள் ஒன்றன் கையை ஒன்று பிடித்து ஆயிரக்கணக்கில் சங்கிலியாகச் சேரும்போது நெடியும் போய்விடும், ஓட்டமும் நின்றுவிடும். தெளிந்த, கெட்டியான பொருள் ஒன்று கிடைக்கும். 1930களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஓட்டோ ரோமின் நிறுவனத்தாரும் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தாரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இதைத் தகடாக வார்க்கக் கற்றுக்கொண்டார்கள். ஜெர்மானியர் 1933இல் பிளெக்ஸிகிளாஸ் என்று பெயர் பதிந்தார்கள்; ஆங்கிலேயர் வைத்த பெயர் பெர்ஸ்பெக்ஸ். ஒரு எச்சரிக்கை: அக்ரிலிக் கம்பளி, அக்ரிலிக் ஸ்வெட்டர் என்று உங்கள் கடையிலேயே விற்பீர்கள். அது பாலிஅக்ரிலோநைட்ரைல் என்ற வேறு இழை. பெயர்தான் ஒன்று.

இந்தப் பொருளின் பெரிய குணம் தெளிவு. தன்மேல் விழும் ஒளியில் 92 சதவீதத்தை அப்படியே மறுபக்கம் அனுப்பிவிடும். ஏன் என்பதைச் சமையலறை உப்பைக் கொண்டு விளக்கலாம். ஒற்றைப் படிகமாக நன்றாக விளைந்த கல் உப்பைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள், கண்ணாடிபோல் இருக்கும். அதையே பொடித்தால் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். உப்பு மாறவில்லை, ஒவ்வொரு துகளின் விளிம்பிலும் ஒளி முட்டிச் சிதறுகிறது. பால் பாக்கெட் செய்யும் பாலித்தீனுக்குள்ளும் இப்படித்தான். சங்கிலிகள் அங்கங்கே மடிந்து அடுக்கிக்கொண்டு குட்டிக் குட்டிப் படிகங்களாக நிற்பதால் மங்கலாகத் தெரியும். அக்ரிலிக் சங்கிலியிலோ பக்கவாட்டில் பெரிய கிளைகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவை சங்கிலிகளை ஒன்றோடொன்று அடுக்கி உட்கார விடுவதில்லை. படிகமே இல்லாததால் ஒளி முட்டிக்கொள்ள எதுவும் இல்லை. ஜப்பானில் ஒகினாவாவின் சுராவுமி மீன்காட்சியகத்தில் 60 சென்டிமீட்டர் தடிமனில் ஓர் அக்ரிலிக் சுவர் நிற்கிறது. அதன் வழியாகத் திமிங்கலச் சுறாவைத் தெளிவாகப் பார்க்கலாம். சாதாரண ஜன்னல் கண்ணாடியை அத்தனை தடிமனில் அடுக்கினால் பச்சையாகத்தான் தெரியும்.

இது கண்ணுக்குள் போனதற்குப் போர்தான் காரணம். இரண்டாம் உலகப்போரில் ஆங்கிலேயப் போர்விமானங்களின் மேல்மூடி அக்ரிலிக். 1940இல் குண்டடிபட்டு அந்த மூடி உடைந்தபோது அதன் சில்லுகள் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்தன. அவர்களுக்கு மருத்துவம் பார்த்த ஹரோல்ட் ரிட்லி ஒன்றைக் கவனித்தார்: சில்லு உள்ளேயே தங்கிவிட்ட கண்களில்கூட வீக்கமோ சீழோ பெரிதாக இல்லை. உடம்பு அதை அந்நியமாக நினைத்து எதிர்க்கவில்லை. 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அக்ரிலிக் லென்ஸை அவர் முதன்முதலாக ஒரு நோயாளியின் கண்ணில் பொருத்தினார். இயற்கை லென்ஸின் வடிவத்தையே ஒட்டிச் செய்திருந்ததால் அந்தப் பெண்ணுக்குக் கடுமையான கிட்டப்பார்வை வந்துவிட்டது. இயற்கை லென்ஸைவிட அக்ரிலிக் ஒளியை அதிகம் வளைக்கும். அதன் ஒளிவிலகல் எண் 1.49. வளைவைக் குறைத்து அடுத்தடுத்த லென்ஸ்களைத் திருத்தினார்கள். சக மருத்துவர்கள் பல ஆண்டுகள் அவரை எதிர்த்தார்கள். கண்ணிலிருந்து ஒன்றை எடுப்பதுதான் வைத்தியம், உள்ளே வைப்பது வைத்தியமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். உங்கள் தயக்கமும் அதே தயக்கம்தான், அதில் தவறொன்றும் இல்லை.

லென்ஸ் வைக்காத காலம் எப்படி இருந்தது என்பதை என் அப்பத்தாவிடம் பார்த்திருக்கிறேன். புரையை எடுத்துவிட்டு, சோடாபுட்டிக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் கண்ணாடி எல்லாவற்றையும் கால்பங்கு பெரிதாக்கிக் காட்டும். பெரிதாகத் தெரிவதால் கிட்டே இருப்பதுபோல் தோன்றும். திண்ணையில் வைத்த காப்பி டம்ளரை எடுக்க அப்பத்தா கையை நீட்டுவார். விரல்கள் டம்ளருக்கு நாலு விரற்கடை முன்னாலேயே மூடிக்கொள்ளும். ஒருகணம் வெறுங்கையைப் பார்த்துவிட்டு, தரையைத் தடவிக்கொண்டே போய் டம்ளரைத் தொடுவார். பக்கவாட்டில் யார் வந்தாலும் திடீரென்று முளைத்தவர்போல் தெரிந்து திடுக்கிடுவார். கண்ணாடி தொலைந்தால் அன்றைக்கு முழுவதும் உட்கார்ந்த இடம்தான்.

இந்த நிலை மாறியதில் நம் ஊருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அதைப் பெருமையோடுதான் சொல்கிறேன். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போயிருந்த டாக்டர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின் 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1980களின் கடைசியில்கூட உள்ளே வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்த பொருள்; ஒன்று நூறு டாலரை ஒட்டிய விலை. கூலிக்காரக் குடும்பம் அதை நினைத்தும் பார்க்க முடியாது. 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி மதுரையிலேயே இந்த அக்ரிலிக் லென்ஸைச் செய்ய ஆரம்பித்தார்கள். விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது, பிறகு இன்னும் குறைந்தது. சிவகங்கை ரோட்டில் வீரபாஞ்சான் பக்கம் போனால் அந்தக் கட்டடத்தைப் பார்க்கலாம். அங்கே செய்த லென்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

என் பட்டறைக்கு வரும் ஷீட்டுக்கும் அந்த லென்ஸுக்கும் என்ன வேறுபாடு என்றால், சுத்தம்தான். சங்கிலியில் சேராமல் மிச்சம் நிற்கும் திரவம் கண்ணை உறுத்தும், அதனால் மருத்துவத் தரத்தில் அது மிக மிகக் குறைவாக இருக்க வேண்டும். வெறும் அக்ரிலிக் புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியை உள்ளே விட்டுவிடும் என்பதால் அதைத் தடுக்கும் பொருளை லென்ஸில் சேர்ப்பார்கள். கெட்டி அக்ரிலிக் லென்ஸ் சுமார் 6 மில்லிமீட்டர் அகலம், அதை உள்ளே விடக் கண்ணில் அதற்கேற்ற வாசல் வெட்ட வேண்டும். உங்கள் அம்மாவுக்கு மடக்கு லென்ஸ் என்று சொல்லியிருந்தால், அது பெரும்பாலும் அக்ரிலிக்கின் மென்மையான உறவுக்காரப் பொருளாக இருக்கும். அதன் சங்கிலியில் வேறு கிளைகள் இருப்பதால் உடம்புச் சூட்டில் வளைந்து கொடுக்கும். 3 மில்லிமீட்டருக்கும் குறைந்த வாசல் வழியே சுருட்டி உள்ளே விட்டால் தானாக விரிந்துகொள்ளும். எது பொருந்தும் என்பதை அம்மாவின் கண்ணைப் பார்த்த மருத்துவர் சொல்லட்டும்.

எத்தனை வருடம் என்று கேட்டீர்கள். ஆயுளுக்கும். சில வருடம் கழித்து "லென்ஸில் அழுக்குப் படிந்துவிட்டது" என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் அழுக்குப் படிந்தது லென்ஸில் இல்லை. லென்ஸைத் தாங்கி நிற்கும் நம் சொந்தச் சவ்வில் அணுக்கள் வளர்ந்து மங்கிப்போகிறது. லேசர் கொண்டு அந்தச் சவ்வில் ஒரு சாளரம் திறந்துவிட்டால் பார்வை தெளிந்துவிடும். சில நிமிட வேலை. என் அம்மாவுக்கு இடது கண்ணில் அப்படித்தான் செய்தார்கள்.

உடம்போடு ஒத்துப்போகும் இந்தக் குணத்தை மற்ற மருத்துவர்களும் விட்டுவைக்கவில்லை. பல்செட்டின் இளஞ்சிவப்பு ஈறு இதே பொருள். பல் ஆய்வகத்தில் அக்ரிலிக் தூளையும் அந்த நெடியுள்ள திரவத்தையும் குழைத்துக் கொழுக்கட்டை மாவுபோல் ஆனதும் அச்சில் அடைத்து வெந்நீரில் வேகவைக்கிறார்கள். இடுப்பு மூட்டு மாற்றும்போது உலோகத் தண்டை எலும்புக்குள் பிடித்து நிறுத்தும் சிமென்டும் அதே மாவுதான்; 1960களில் ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் அதைப் பரவலாக்கினார். வீட்டில் பல்செட் வைத்திருக்கும் பெரியவர்கள் இருந்தால் இரண்டு விஷயம் சொல்லுங்கள்: கொதிநீரில் போட வேண்டாம், வடிவம் கோணிவிடும், இரவில் கழற்றினால் சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள்.

இப்போது பலகைக்கு வருவோம்.

பாதி விலைக்குக் காரணம் மூன்று இருக்கலாம். தடிமன் குறைவு; அல்லது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வார்த்த ஷீட்டுக்குப் பதிலாக இயந்திரத்தில் பிதுக்கி எடுத்த ஷீட்; அல்லது அது அக்ரிலிக்கே இல்லை. முதல் இரண்டும் பேரம் பேசி ஒத்துக்கொள்ளக் கூடியவை. மூன்றாவது ஏமாற்று. பாலிஸ்டைரீன் ஷீட்டை அக்ரிலிக் என்று விற்கிறார்கள். புதிதாக இருக்கும்போது பளபளப்பில் வித்தியாசம் தெரியாது. நம் ஊர் வெயிலில் மஞ்சளித்து, நகத்தால் சுரண்டினாலே நொறுங்கும் நிலைக்கு வந்துவிடும். அக்ரிலிக்கின் சங்கிலி சூரிய ஒளியைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை என்பதால் அதற்கு இந்த நோய் வராது. என் பட்டறை வாசலில் 2003இல் மாட்டிய வெள்ளை எழுத்துகள் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கின்றன.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. வெட்டி மிஞ்சிய விரல் நீளத் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். திறந்தவெளியில், இடுக்கியால் பிடித்துக்கொண்டு முனையைக் கொளுத்துங்கள். அக்ரிலிக் என்றால் பொரிவதுபோல் மெல்லிய சத்தத்தோடு நிதானமாக எரியும், புகை குறைவு, பழவாசனைபோல் ஒரு மணம் வரும். பாலிஸ்டைரீன் என்றால் கரிய ஒட்டடை பறக்கப் புகையும். பி.வி.சி. என்றால் தீயை எடுத்ததும் அணைந்துவிடும், நெடி தொண்டையைக் கமறும். மணம் தானாக வரும், கிட்டே போய் முகர்ந்து பார்க்க வேண்டாம்.

பாலிகார்பனேட் என்று ஒன்றைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அது உண்மையிலேயே பலமான பொருள், சுத்தியலால் அடித்தாலும் உடையாது. கல்லெறி விழும் இடத்துக்கு அதுதான் சரி. ஆனால் சீக்கிரம் கீறல் விழும், மேல்பூச்சு போனால் வெயிலில் மஞ்சளாகும். மாடி உயரத்தில் இருக்கப்போகும் ஜவுளிக் கடை எழுத்துக்கு அது தேவையில்லை.

எடையையும் பாருங்கள். எட்டுக்கு நாலு அடியில் 3 எம்.எம். அக்ரிலிக் ஷீட் சுமார் 10.5 கிலோ. அதே அளவு கண்ணாடி 22 கிலோவுக்கு மேல். பழைய கட்டடத்தின் முகப்பில் தொங்கப்போகிற பொருளுக்கு இது சின்ன விஷயமில்லை.

நல்ல வேலையை எதில் கண்டுகொள்வது? எழுத்தின் பக்கவாட்டு ஒட்டில். அந்த வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். முகப்புத் துண்டும் பக்கச் சுவரும் இடைவெளி இல்லாமல் பொருந்தி நிற்கும். ஊசியில் குளோரோஃபார்ம் எடுத்து மூலையில் ஒரே ஒரு சொட்டு வைப்பான் பையன். அந்தச் சொட்டு அங்கே நிற்காது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் இடுக்கு நெடுக ஓடும். ஓடிய இடமெல்லாம் வெள்ளைக் கோடு மறைந்து தெளிந்துவிடும். உண்மையில் இது பசை இல்லை. இரண்டு பக்கத்தையும் லேசாகக் கரைத்து, ஒரு பக்கத்துச் சங்கிலிகளை மறுபக்கத்துச் சங்கிலிகளோடு பின்னிவிட்டு, ஆவியாகிப் போய்விடுகிறது. நன்றாக ஒட்டிய இடத்தில் கோடே தெரியாது. உள்ளே குமிழிகள் வரிசையாகத் தெரிந்தால் அவசர வேலை. அந்த ஆவி கல்லீரலுக்குக் கேடு. என் பட்டறையில் சன்னல் திறந்து மின்விசிறி வெளிப்பக்கம் ஓடினால்தான் ஊசியைத் தொடலாம். நீங்கள் வேலை கொடுக்கும் இடத்தில் மூடிய அறைக்குள் பையன்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் தயவுசெய்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

விளக்கு வைத்த எழுத்து என்றால் முகப்புக்குப் பால் வெள்ளை ஷீட் போடுவார்கள். அதற்குள் கலந்திருக்கும் நுண்துகள் ஒளியைச் சிதறடித்துச் சமமாகப் பரப்பும். எழுத்தின் ஆழம் குறைந்தால், ஒவ்வொரு எல்.இ.டி.யும் அம்மைத் தழும்புபோல் தனித்தனியாகத் தெரியும். ஒரு விளக்குக்கும் அடுத்த விளக்குக்கும் உள்ள தூரத்துக்குக் குறையாமல் ஆழம் வேண்டும்.

தொழில் தொடங்கிய புதிதில் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன், ஏனென்றால் இன்றும் பலர் அதையே செய்கிறார்கள். நகைக்கடை ஒன்றுக்கு எட்டடிப் பலகை. மார்கழியில் மாட்டினேன். இரும்புச் சட்டத்தில் பன்னிரண்டு திருகாணி, ஒவ்வொன்றையும் இறுக்கி முறுக்கினேன், ஆடக்கூடாது என்று. சித்திரைத் திருவிழா சமயத்தில் கடைக்காரர் கூப்பிட்டனுப்பினார். போய்ப் பார்த்தால் நாலு திருகாணியின் ஓட்டையிலிருந்தும் விரிசல் கிளம்பி, சிலந்திவலைபோல் ஓடியிருக்கிறது. கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது. ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் ஒரு மீட்டர் அக்ரிலிக் 0.07 மில்லிமீட்டர் நீளும். எட்டடி ஷீட் 30 டிகிரி சூடேறினால் 5 மில்லிமீட்டர். அதே நேரத்தில் இரும்புச் சட்டம் நீள்வது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மீதி நாலு மில்லிமீட்டருக்கு இடம் தராமல் நான் பிடித்து நிறுத்தியிருந்தேன். ஷீட் வேறென்ன செய்யும்? என் செலவில் புதிதாகச் செய்து கொடுத்தேன்.

சூட்டை அது நன்றாகவே தாங்கும். 100 டிகிரியை ஒட்டித்தான் இளகத் தொடங்கும், நம் வெயில் அதன் பக்கத்தில்கூட வராது. அதன் பகை வேறு இடத்தில். கண்ணாடி துடைக்கும் திரவம், ஸ்பிரிட், தின்னர் ஆகியவற்றை அதன்மேல் படவிடக் கூடாது. வெட்டும்போதும் வளைக்கும்போதும் உள்ளே தங்கிய இழுவிசையோடு அவை சேர்ந்தால், மயிரிழை விரிசல்கள் நூற்றுக்கணக்கில் விழும். உலர்ந்த துணியாலும் துடைக்காதீர்கள். தூசி உரசிக் கீறும், தேய்க்கத் தேய்க்க நிலைமின்சாரம் ஏறி இன்னும் தூசியை இழுக்கும். முதலில் தண்ணீர் ஊற்றிப் புழுதியை வழியவிட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த பருத்தித் துணியால் மெல்லத் துடைத்தால் போதும். உங்கள் கடையில் பழைய காடாத் துணிக்கா பஞ்சம்?

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அக்ரிலிக் எரியும், எரிந்து சொட்டும். 1973 ஆகஸ்டில் இங்கிலாந்தை ஒட்டிய மேன் தீவின் சம்மர்லேண்ட் கேளிக்கை மண்டபத்தில் அக்ரிலிக் தகடு வேய்ந்த கட்டடம் தீப்பிடித்து 50 பேர் இறந்தார்கள். 2018 பிப்ரவரியில் மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்துக் கடைகளில் தீப்பிடித்த இரவு மதுரையில் யாருக்கும் மறக்காது. துணி அடுக்கிய கடைக்கு முன்னால் எரியக்கூடிய பலகையை மாட்டுகிறீர்கள் என்பதை நினைவில் வையுங்கள். எழுத்துக்குள் வரும் வயர் நல்ல தரமாக இருக்க வேண்டும், மின்மாற்றிப் பெட்டி எழுத்துக்கு உள்ளே இல்லாமல் காற்றோட்டமான இடத்தில் தனியாக இருக்க வேண்டும், கடை பூட்டும்போது பலகைக்கு மின்சாரத்தை நிறுத்த வாசலருகே தனி சுவிட்ச் வேண்டும். விலை சொன்ன இருவரிடமும் இந்த மூன்றையும் கேளுங்கள். யாருக்கு வேலை தெரியும் என்பது அவர்கள் பதிலிலேயே தெரிந்துவிடும்.

பழைய பலகையைக் கழற்றினால் குப்பையில் போடாதீர்கள். இந்தச் சங்கிலிக்கு ஓர் அரிய குணம் உண்டு: 400 டிகிரி அளவில் சூடாக்கினால் கோத்த மாலை அவிழ்வதுபோல் அவிழ்ந்து, தொடக்கத்தில் இருந்த அந்தத் திரவமாகவே பெரும்பகுதி திரும்பிவிடும். அதிலிருந்து மறுபடி ஷீட் வார்க்கலாம். அதனால்தான் எங்கள் பட்டறைக் கழிவை எடைபோட்டு வாங்க ஆள் வருகிறது.

வரும் வாரம் அம்மாவோடு இருங்கள். சிகிச்சை முடிந்ததும் லென்ஸின் பவரும் எண்ணும் ஒட்டிய அட்டை ஒன்றைக் கொடுப்பார்கள், அதை ரேஷன் அட்டையோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். பலகை மாட்ட வரும் நாளில், ஏணி ஏறுமுன் திருகாணி ஓட்டைகளை நீங்களே ஒருமுறை பாருங்கள். ஓட்டை திருகாணியைவிட அகலமாக இருக்க வேண்டும், நடுவில் ரப்பர் வாஷர் இருக்க வேண்டும், முறுக்கி முடித்தபின் விரலால் தள்ளினால் ஷீட் ஒரு இம்மி நகர வேண்டும். நகராவிட்டால் அரைச் சுற்றுத் தளர்த்தச் சொல்லுங்கள்.